கதை எங்கே?

திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்தில் உள்ளது வல்லம் என்னும் ஊர். ஏரிப் பாய்ச்சலில் நெல்லும், மேட்டு நிலத்தில் அவ்வூரார் மல்லாட்டை என்று வழங்கும் மணிலாவும் விளையும் பகுதி அது. அவ்வட்டாரத்து ஊர்கள் பலவற்றில் திரௌபதி அம்மனுக்குக் கோயில் உண்டு. அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த கோடை நாட்களில் அக்கோயில்களில் பாரத விழா தொடங்கும். பகலில் பிரசங்கியார் ஒருவர் வில்லிபுத்தூரார் பாடிய பாரதத்தைப் படித்துப் பொருள் விரிப்பார். இரவில் அக்கதை தெருக்கூத்தாக ஆடப்படும். வில்லிபுத்தூராரும் இந்த நாட்டிற்கு அயலார் அல்லர். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரே அவர் பிறந்த ஊர்.

கூத்துக் களத்திற்கு வருவோர் பாரதம் முழுவதையும் கண்டுவிடுவதில்லை. ஓரிரவு வில் வளைப்பு, ஓரிரவு துகிலுரிதல், பிறிதோர் இரவு அர்ச்சுனன் தபசு, பின்னர் கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, கர்ண மோட்சம் என்று ஆட்டம் நடைபெறும். வயலுக்கு நீர் பாய்ச்சச் சென்றவன் ஓரிரவு வாரான். கைக்குழந்தைக்காரி நள்ளிரவில் எழுந்து வீடு செல்வாள். பாயில் படுத்துறங்கும் சிறுவன், வீமன் வரும்போது மத்தளம் முழங்கக் கேட்டுத் திடுக்கிட்டு விழிப்பான். வீமன் சென்றதும் மீண்டும் உறங்குவான். ஆயினும், "எனக்குக் கதை விளங்கவில்லை, துண்டு துண்டாய் இருக்கிறது" என்று முறையிட்டவர் எவரும் இல்லை.

இதே மக்களுள் ஒருவரிடம், ஒழுங்கான தொடர்ச்சியின்றித் துண்டு துண்டாய் எழுதப்பட்ட ஒரு நாவலைக் கொடுத்துப் பாருங்கள். நாற்பது பக்கம் படித்ததும், "கதை எங்கே?" என்று கேட்பார். அக்கேள்வி அறியாமையால் எழுந்ததா, நியாயத்தால் எழுந்ததா என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயப் புகும் செய்தி.

இக்கேள்விக்கு இலக்கான தமிழ் நாவல்களுள் ஒன்று 'கோபல்லபுரத்து மக்கள்'. இதனை எழுதியவர் கி. ராஜநாராயணன். கி.ரா. என்னும் இரண்டெழுத்தாலேயே தமிழுலகம் அவரை அறியும். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923-ஆம் ஆண்டு பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு மிகுதியாக வாய்க்கவில்லை. மழைக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர், அங்கும் பாடத்தைப் பாராமல் மழையையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டதாகத் தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வார். அத்தகையவர் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். அதன்பின் புதுச்சேரியிலேயே தங்கி, 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கேயே மறைந்தார். ஆகவே, தென்கோடிக் கரிசல் மண்ணில் பிறந்த அவர், வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகளுக்கு மேல் விழுப்புரத்தாருக்கு அண்டை வீட்டுக்காரராய் இருந்தார் எனலாம்.

1976-இல் அவருடைய 'கோபல்ல கிராமம்' என்னும் நாவல் வெளிவந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்த குடும்பங்கள் சில, தெற்கே காட்டை அழித்து ஊர் கண்ட வரலாற்றை அதில் ஒரு மூதாட்டி கூறுகிறாள். அதன் தொடர்ச்சியே 'கோபல்லபுரத்து மக்கள்'. 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்து, பின்னர் நூலாயிற்று. 1991-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி விருது அதற்கு அளிக்கப்பெற்றது.

அந்நூலைத் திறந்தால், தொடக்கத்தில் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பக் காண்கிறோம். இவர்களே தலைவனும் தலைவியும் போலும் என்று நிமிர்ந்து உட்காருகிறோம். ஆனால் ஆசிரியரோ அவர்களைக் கடைசிவரை கைப்பிடித்து அழைத்துச் செல்வதில்லை. வேறொரு வீட்டின் கதை வருகிறது. அவ்வீட்டுக் கிழவரின் குணம் வருகிறது. அவருக்கு ஊரார் இட்ட பட்டப்பெயரின் காரணம் வருகிறது. வெளியுலகத்துப் பொருள்களும் பழக்கங்களும் ஒவ்வொன்றாக ஊருக்குள் நுழைய, மக்கள் அவற்றைக் கண்டு வியப்பதும் அஞ்சுவதும் நகைப்பதும் வருகின்றன. பின்பகுதியில் நாட்டு விடுதலைப் போரின் அலை அவ்வூரை எட்டுகிறது. ஊரே கதைத் தலைவன். தனி மனிதன் எவனும் அல்லன்.

இந்நூல் வாசகரைப் பலவாறு பிரிக்க வல்லது. அப்பிரிவை எளிதில் உணர்த்த ஒரு காட்சியைக் கற்பனை செய்து கொள்வோம். வல்லத்தில் ஒரு மாலைப் பொழுது. வேப்பமரத்தடித் திண்ணையில் மூவர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் அஞ்சல் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பன்முறை படித்துத் தேர்ந்தவர். மற்றொருவர் முதிய உழவர். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். ஆயினும் ஆண்டுதோறும் பாரதம் கேட்பவர். மூன்றாமவள் அவர் பேர்த்தி, கல்லூரி மாணவி. தேர்வுக்காக இந்நூலைப் படித்துக் கொண்டிருக்கிறாள்.

"ஐயா, இந்நூல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வகுப்பில் அதைச் சொல்ல அச்சமாய் இருக்கிறது. விருது பெற்ற நூலைக் குறை கூறினால், படிக்கத் தெரியாதவள் என்றல்லவா எண்ணுவார்கள்?" என்றாள் மாணவி.

"உனக்கு ஏன் அச்சம், அம்மா? எனக்கும் பிடிக்கவில்லை," என்றார் ஓய்வு பெற்றவர். "கதை என்றால் ஒரு முடிச்சு வேண்டும், அது இறுக வேண்டும், பின்னர் அவிழ வேண்டும். வந்தியத்தேவன் குதிரையேறிப் புறப்பட்டால், அவன் சேருமிடம் எதுவோ என்று நம் மனமும் உடன் ஓடுகிறது. வாரந்தோறும் அந்த இதழுக்காக எங்கள் வீட்டுப் பெரியோர் காத்திருந்தனர். இங்கே எவனுக்காகக் காத்திருப்பது? ஒருவனிடம் நெஞ்சு நெகிழும்போதே அவன் போய்விடுகிறானே!"

முதியவர் சிரித்தார். "தாத்தா, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?" என்றாள் பேர்த்தி.

"அம்மா, நீ படித்துக் காட்டிய பக்கங்களைத்தான் நான் அறிவேன். ஆனால் நம் ஊர்க் கதையை என்னிடம் ஒருவர் கேட்டால் நானும் இப்படித்தான் சொல்வேன். ஏரி உடைந்த ஆண்டைச் சொல்லும்போதே, அன்று மதகில் நின்ற என் சிற்றப்பா நினைவுக்கு வருவார். அவரைச் சொல்லும்போது அவர் வளர்த்த காளை நினைவுக்கு வரும். காளையைச் சொன்னால் சந்தையைச் சொல்ல வேண்டும். ஏரிக்குத் திரும்பி வருவதற்குள் பொழுது விடிந்துவிடும்."

உரையாடலை இங்கே நிறுத்துவோம். மூவர் கூற்றிலும் உண்மை உள்ளது. ஆயினும் மூன்றும் ஒரே எடையுடையன அல்ல.

ஓய்வு பெற்றவரின் குறையை முதலில் நோக்குவோம். இறுகி அவிழும் முடிச்சு கதைக்கு ஓர் அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவே நாவலின் இலக்கணம் என்று அவர் கொள்வது பொருந்தாது. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சேறியது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றிய அந்நூலில் மூலக்கதை ஒரு மெல்லிய நூலிழையாகவே ஓடுகிறது. கிளைக்கதைகளும் வேடிக்கை நிகழ்ச்சிகளும் அறவுரைகளும் அவ்விழையில் கோக்கப்பட்ட மணிகளாய்க் கிடக்கின்றன. வார இதழ்த் தொடர்கதையின் வேகத்திற்கு நாம் பழகியது அதற்கு நெடுங்காலம் பின்னர்தான். ஆகவே துண்டு துண்டாய்க் கதை சொல்லுவது நேற்று வந்த புதுமை அன்று. நாம் இடையிலே மறந்துபோன பழக்கம்.

பிற நாட்டிலும் இவ்வழக்கு இன்று தழைத்துள்ளது. போலந்து நாட்டு எழுத்தாளர் ஓல்கா தொகார்ச்சுக் 2007-இல் வெளியிட்ட நாவல் ஒன்று, பயணத்தையும் மனித உடலையும் பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட சிறு பகுதிகளால் ஆனது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018-இல் சர்வதேசப் புக்கர் பரிசைப் பெற்றது. இவ்வகை நூலை அவர் விண்மீன் கூட்டத்திற்கு ஒப்பிடுவார். வானத்து மீன்கள் தனித்தனியே கிடக்கின்றன. அவற்றைக் கோடிட்டு இணைத்து ஓர் உருவாகக் காண்பது காண்பவன் கண்ணே. நம் முன்னோர் ஏழு மீன்களை ஏழு முனிவராகக் கண்டதும் அவ்வாறே அன்றோ?

நம் நாட்டிலும், கீதாஞ்சலி ஸ்ரீ இந்தியில் எழுதிய 'ரேத் சமாதி' என்னும் நாவல் 2022-ஆம் ஆண்டு அதே பரிசைப் பெற்றது. இந்திய மொழி ஒன்றில் எழுதப்பட்ட நூலுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. கணவனை இழந்த எண்பது வயது மூதாட்டி உலகிற்கு முதுகு காட்டிச் சுவர்ப்புறம் திரும்பிப் படுத்திருப்பதில் கதை தொடங்குகிறது. சில அத்தியாயங்கள் சில வரிகளே. கதவும் காக்கையும்கூடக் கதையில் பங்கு கொள்கின்றன. மொழியின் விளையாட்டில் மயங்கிப் பாராட்டினோர் பலர். நூலை முடிக்க இயலாமல் மூடி வைத்தோரும் உளர். பரிசு கிடைத்த செய்தி வந்த பின்பே பலர் அதனை வாங்கினர். வாங்கியோர் எல்லாரும் மகிழ்ந்தார் அல்லர். கடைத்தெருவில் நல்ல பெயருள்ள பலகாரமும் எல்லா நாவுக்கும் ஏற்பதில்லை!

இனி முதியவர் கூற்றுக்கு வருவோம். இந்நூலின் உயிர்நிலையைத் தொட்டவர் அவரே. ஊரின் நினைவு ஆண்டு வரிசையில் அடுக்கப்பட்டது அன்று. அது ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கும், ஒரு திண்ணையிலிருந்து மறுதிண்ணைக்கும் தாவித் தாவிச் செல்வது. கி.ரா. அத்தாவலை அப்படியே எழுத்தில் நிறுத்த முயன்றார். கரிசல் மக்களின் சொற்களைத் தேடித் திரட்டி 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றையே வெளியிட்டவர் அவர். சொற்களைச் சேர்த்தவர், சொல்லும் முறையையும் சேர்த்து வைத்தார்.

இதனால் விளைந்த பயன் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். ஓர் ஊரின் கதைக்கு ஒருவனைத் தலைவனாக்கிவிட்டால், ஏனையோர் அவனுக்குத் துணைவராகவோ பகைவராகவோ நின்றால்தான் கதைக்குள் வரலாம். அவன் பாதையில் குறுக்கிடாத கிழவிக்கு அங்கே இடமில்லை. மாடு மேய்த்துக்கொண்டு ஊர்ப்புறத்தே நின்றவனுக்கும் இடமில்லை. தலைவனை நீக்கியவுடன் வாயில் திறந்து விடுகிறது. யார் வேண்டுமாயினும் உள்ளே வரலாம். தம் கதையைச் சொல்லிச் செல்லலாம். கோபல்லபுரத்தில் ஊரார் அனைவரும் இவ்வாறு வந்து போகின்றனர். துண்டுகள் அங்கே உடைந்த பாண்டத்தின் சில்லுகள் அல்ல, தனித்தனி வீடுகள். ஊர் என்பதே தனித்தனி வீடுகளின் கூட்டந்தானே!

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. கூத்தையும் நாவலையும் ஒப்பிட்டுத் தொடங்கினோம். அவ்வொப்புமை ஓரிடத்தில் உடைகிறது என்பதை மறைத்தல் நேர்மை ஆகாது. கூத்துக் காண வருபவன் பாரதத்தை முன்பே அறிவான். பாட்டி மடியில் கேட்டிருக்கிறான். பகலில் பிரசங்கியார் சொல்லவும் கேட்டிருக்கிறான். ஆதலால் எந்த இரவில் எந்தத் துண்டைக் கண்டாலும், முழுமையில் அது பொருந்தும் இடம் அவன் மனத்தில் ஆயத்தமாய் உள்ளது. அதுவும் போதாதென்று கட்டியங்காரன் ஒருவன் களத்திலே நிற்கிறான். வேடத்தோடு வந்தவன் யார், இதற்குமுன் நடந்தது என்ன, இனி நடப்பது என்ன என்று நகைச்சுவையோடு சொல்லிவிடுகிறான். நடுவில் உறங்கி விழித்தவனும் வழி தவறுவதில்லை.

நாவல் படிப்பவனுக்கோ முன்கூட்டித் தெரிந்த கதையும் இல்லை, கட்டியங்காரனும் இல்லை. அவனே தனக்குக் கட்டியங்காரன் ஆக வேண்டும். யார் யாருக்கு உறவு, எது முன் எது பின் என்பதை அவனே நினைவில் வைத்துக் கோத்தல் வேண்டும். நாள் முழுதும் உழைத்துக் களைத்து வந்து, இரவில் அரைமணி நேரம் படிப்பவனிடம் இவ்வளவு உழைப்பைக் கேட்பது சிறிய கேள்வி அன்று. அவன் "கதை எங்கே?" என்று கேட்டால் அவனைச் சோம்பேறி என்று ஒதுக்குவது அறிஞர்க்கு அழகாகாது. மேலும் வல்லத்து வாசகனுக்கு ஒரு தனித் தடையும் உண்டு. அவன் ஏரி என்பதைக் கரிசல் நாட்டார் கம்மாய் என்பர். இத்தகைய சொல் பக்கந்தோறும் வந்தால், ஒரே தமிழுக்குள் அயலூரான் போல் அவன் தயங்கி நிற்க நேரும்.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லலாம் என்று கருதுகிறேன். இந்நூலை முதன்முறை எடுத்தபோது நானும் பாதியிலே வைத்துவிட்டேன். முதலில் கண்ட காதலர் இருவரும் எங்கே போயினர் என்று தேடித் தேடியே இடையில் வந்தவர் எவரையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று அளவு வைத்துப் படித்தேன். அடுத்தது என்ன என்று கேட்பதை நிறுத்தி, இவர் யார் என்று கேட்கத் தொடங்கினேன். நூல் மாறவில்லை, என் கேள்வி மாறியது. முற்பகுதி முழுவதும் எனக்குத் திறந்து கொண்டது.

பிற்பகுதியைப் பற்றி மட்டும் என் மனம் இன்றும் முழுமையாய் இசையவில்லை. அங்கே நாட்டின் பெருந்தலைவர்களும், வரலாற்று நூல்களில் நாம் கற்ற நிகழ்ச்சிகளும் வருகின்றன. ஊராரின் வாய்ப்பேச்சு மெலிந்து, செய்தித்தாளின் குரல் ஓங்குவதாக எனக்குத் தோன்றுகிறது. முற்பகுதித் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்த பசை ஊராரின் குரல். அது மெலியும்போது துண்டுகள் துண்டுகளாகவே நின்று விடுகின்றன. இதற்கும் ஒரு மறுமொழி உண்டு. தொலைவில் இருந்த சிற்றூருக்கு விடுதலைப் போர் அவ்வாறுதான், துண்டுச் செய்திகளாகத்தான், வந்து சேர்ந்தது என்று சிலர் வாதிடலாம். அது வலிய வாதமே. ஆயினும் வாதத்தால் ஒப்புக்கொள்வது வேறு, படிக்கும்போது நெஞ்சு ஒன்றுவது வேறு.

மாணவியின் அச்சத்திற்கு இப்பொழுது விடை கூறலாம். விருது என்பது நடுவர் சிலர் ஓர் ஆண்டில் கூடி எடுத்த முடிவு. நூலைப் பலர் கண்ணில் படுமாறு அது செய்யும். கண்ணுக்கு இனிதாகச் செய்ய அதனால் இயலாது. எனவே, பிடிக்கவில்லை என்று வகுப்பில் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் அவ்வளவோடு அமர்ந்துவிட்டால் அவள் சொன்னது பாதியே. எந்த இடத்தில் நூல் தன்னைக் கைவிட்டது, யாரைப் பிரிந்தபோது மனம் பின்வாங்கியது, எந்தச் சொல் தடுத்தது என்று பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். காட்டும்போது ஒன்று நிகழக்கூடும். தன்னைத் தடுத்தது நூலின் குறையா, தான் கொண்டுவந்த எதிர்பார்ப்பா என்பதை அவளே பிரித்தறிவாள். விருப்பத்தைச் சொல்பவரும் இதே கணக்கை ஒப்புவித்தாக வேண்டும். "விருது பெற்ற நூல், ஆதலால் சிறந்தது" என்பது, "கதை இல்லை, ஆதலால் தாழ்ந்தது" என்பதினும் எவ்வகையிலும் உயர்ந்த கூற்று அன்று.

மீண்டும் வல்லத்துத் திண்ணைக்குச் செல்வோம். இருள் கவிந்து விட்டது. ஓய்வு பெற்றவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் இட்டுக்கொண்டார். "நான் வந்தியத்தேவனோடேயே இருந்துவிடுகிறேன்," என்று கூறி எழுந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை.

மாணவி நூலை மடியில் வைத்தபடி, "தாத்தா, நீங்கள் ஏரிக் கதையைச் சொல்லத் தொடங்கினால் திரும்பி வருவதற்குள் பொழுது விடியும் என்றீர்களே, உண்மையில் அந்த ஏரி எப்படி உடைந்தது?" என்று கேட்டாள்.

"அதுவா? அன்றைக்கு மதகில் என் சிற்றப்பா நின்றிருந்தார். அவரிடம் ஒரு காளை இருந்தது..." என்று தொடங்கினார் முதியவர்.